தனகோட்டி ஜெனரேட்டர்

—இஞ்சின் நல்லாத்தான ஓடுதுணா? அப்புறம் ஏன் பல்பு எரிய மாட்டேங்குது?

—அதாம்மா நானும் பாக்கறேன். இஞ்சின் ஓடறது வேற, கரண்ட்டு பொறக்கறது வேற. பொறு ரஞ்சனி, மொதல்ல இத அணைச்சிடறேன், நீ பேசறது காதுல விழல... ஆங், இப்ப சொல்லு.

—நான் இன்னா சொல்றது சமீர்ணா. முன்னாடி ரூம்ல நைனாவ வெச்சிருக்கற ஐஸ் பெட்டி விடியக்காலத்துல இருந்து கரண்ட் இல்லாம கெடக்குது. மேல் கண்ணாடி வேர்த்து ஊத்துது. தொடைச்சிட்டு திரும்பறதுக்குள்ள மறுபடியும் வேர்க்குது, நைனா மூஞ்சியே தெரியல. தம்பி குரு மஸ்கட்ல இருந்து வந்து சேர ராத்திரி ஆயிடும். அது வரைக்கும் பெட்டி ஓடணும். அவ்ளோதான் எனக்கு வேணும்.

—ஓடும் பாப்பா. பதறாத.

—கம்பம் எப்ப நிமுத்துவாங்களாம்?

—நாளைக்கின்றாங்க. நாளைக்கின்னா நாளான்னிக்கி. அனந்தபுரம் ரோட்ல வரிசையா சாஞ்சி கெடக்குது, புயலு ஒண்ணத்தையும் விடல. வாடகைக்கு ஜெனரேட்டர் கெடைக்குமான்னு பஜார் பூரா சுத்திட்டுதான் வந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு, மண்டபத்துக்கு ஒண்ணுன்னு எல்லாத்தையும் ஓட்டிக்கினு போயிட்டாங்க. அப்பதான் உங்க நைனா மிஷின் ஞாபகம் வந்துது. கொட்டாயில இருக்குமே, ஏன் ஊரெல்லாம் அலையறேன்னு.

—ஆறு வருஷமா சாக்கு போட்டு மூடி வெச்சிருந்தாரு. நீங்க கயிறு இழுத்ததும் டப்புனு புடிச்சிக்கிச்சே, நான் இந்தப் பக்கம் திரும்பி அழுதுட்டேன்ணா. நைனா வீட்ல இருக்கறாருன்னு அர்த்தம் எனக்கு அந்த சத்தம். ஸ்கூல் விட்டு தெரு மொனைக்கு வரும்போதே கேக்கும்.

—எனக்கு அந்த சத்தம்னா திட்டு வாங்கறதுன்னு அர்த்தம். மைக் செட்ல பதினஞ்சி வருஷம் அவருகூட வேல செஞ்சிருக்கேன். இஞ்சின் ஓடும்போது கத்துனாத்தான் கேக்கும் இல்ல, அதனால நல்ல வார்த்தகூட கத்தித்தான் சொல்லுவாரு. 'டீ சாப்டியாடா'ன்னு கேட்டா அடிக்க வர்றாருன்னு நெனைப்பாங்க. சரி, சுளுவா இருக்கறதெல்லாம் மொதல்ல பாத்துடுவோம். அந்த பல்ப கழட்டி வெளிச்சத்துல புடி. உள்ள கம்பி அறுந்திருக்குதா?

—இல்லணா. நல்லா இருக்குது.

—கொஞ்சம் ஆட்டி பாரு. அறுந்து ஒட்டிக்கினு இருக்கும் சில சமயம்.

—ஆடல.

—அப்ப பல்பு மேல தப்பில்ல. இங்க பாரு, பலகையில ஒரு செவப்பு பட்டன். லோடு ஜாஸ்தியானா இது வெளிய துள்ளிக்கும், கரண்ட்ட விடாது. அமுக்கு... உள்ள போவுதா?

—உள்ளதான் இருக்குது. துள்ளல.

—ம். வயர எலி கடிச்சிருக்கலாம். நான் இந்த முனையில இருந்து தடவிக்கினு வர்றேன், நீ அந்த முனையில இருந்து வா. பள்ளம் பட்டுதுன்னா சொல்லு.

—ஒண்ணும் இல்ல... ஒண்ணும் இல்ல... இங்க டேப் சுத்தியிருக்குதுணா.

—அது நான் சுத்தினது. அது ஒண்ணும் பண்ணாது. சரி, பல்ப மாட்டிடு. மறுபடியும் ஸ்டார்ட் பண்றேன், தள்ளி நில்லு. மீட்டர வெச்சி நேரா சாக்கெட்லயே பாத்துடறேன்... ம்ஹும். சைபர். பல்பும் தப்பில்ல, வயரும் தப்பில்ல. கரண்ட்டு உள்ளயே பொறக்கல. அணைச்சிடறேன்.

—அப்டின்னா இன்னா அர்த்தம்? ஆவாதா?

—ஆவாதுன்னு நான் சொல்லவே இல்லையே. பின்னாடி மூடிய தொறக்கணும். ஸ்க்ரூ துரு ஏறி கெடக்குது. கொஞ்சம் தேங்காண்ணெ கொண்டா.

—சமையல்கட்டுல எல்லாரும் உக்காந்துகினு இருக்காங்க. எதுக்கு எண்ணெய்னு கேப்பாங்க, எப்ப எடுக்கறதுன்னு கேப்பாங்க. இதோ வெளக்கு எண்ணெ இருக்குது, ஆவுமா?

—ஆவும். ஊத்து... போதும். ஊறட்டும்.

—இன்னா பாய், ஆவுமா ஆவாதா? நான் ஒருத்தன் முன்னாடி உக்காந்துகினு வர்றவன் போறவனுக்கெல்லாம் பதில் சொல்லிக்கினு இருக்கறேன்.

—பாத்துகினு இருக்கறேன் பச்சைமுத்து அண்ணே. இப்பதான் தொறக்கப் போறேன்.

—காலையில இருந்து பாத்துகினே இருக்கற. மேளக்காரங்க வந்து உக்காந்தாச்சி. பாடையும் கட்டியாச்சி. கோட்ட மலைமேல பாரு, மறுபடியும் கருத்துக்கினு வருது. மழ எறங்கிச்சின்னா வெறகு நனையும், அப்புறம் மண்ணெண்ணெய் ஊத்தி ஊத்தி எரிக்கணும். எங்க அண்ணன அப்டி எரிக்கணுமா? நான் சொல்றத சொல்லிட்டேன், அப்புறம் உங்க இஷ்டம்.

—சித்தப்பா, குரு கெளம்பிட்டான். ஏர்போர்ட்டுக்கு போயிட்டான்.

—நீ சொல்ற. ஆறு வருஷமா அப்பன் மூஞ்சிய பாக்காதவன் இப்ப பாக்க வர்றானாக்கும். இதோ பாரும்மா, எங்க இளவழகன் குளிச்சிட்டு வேட்டி கட்டிக்கினு நிக்கறான். தம்பி புள்ள கொள்ளி வெச்சா ஆவாதா? ஆவும். ஆனா ஒண்ணு. பெத்த புள்ள வர்றேன்னு சொல்லிட்டு வராம போனான்னு வெச்சிக்க, அது எங்க அண்ணன் தனகோட்டிக்கு எவ்ளோ அசிங்கம் தெரியுமா? கருமாதி சோறு துண்ணும்போதே பேசுவானுங்க. 'இன்னா வளத்தான், கொள்ளிக்கு கூட புள்ள வரல'ன்னு. செத்தவன் வந்து பதில் சொல்ல முடியுமா?

—யாரும் பேச மாட்டாங்க. அவன் வருவான்.

—பேசுவானுங்க. நானே பேசுவேன். மறைக்கல பாரு, நேராவே சொல்றேன்.

—பச்சைமுத்து அண்ணே, கொஞ்ச நேரம் குடுங்க. மிஷின் ஓடிடுச்சின்னா ராத்திரி வரைக்கும் ஒரு கவலயும் இல்ல.

—ஓடிச்சின்னா காக்கலாம், நானும் மனுஷன்தான். ஓடலன்னா எடுத்துடணும். அதுக்கு மேல வெச்சிக்கினு இருக்கறது எங்க அண்ணனுக்கு மரியாத இல்ல. அவ்ளோதான் விஷயம். நான் முன்னாடி போறேன்.

—போயிட்டாரு. நீ கண்ண தொடைச்சிக்க பாப்பா. அவரு வாய்தான் அப்டி. நேத்து உங்க நைனாவ குளிப்பாட்டும்போது மொதல்ல உக்காந்து அழுதது அவருதான்.

—தெரியும்ணா. அதனாலதான் கோவப்படவும் முடியல.

—ஸ்க்ரூ திரும்புது. ஒண்ணு வந்துடுச்சி. இந்தா, கைல வெச்சிக்க, கீழ வுழுந்தா கெடைக்காது. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. குரு மேல அவருக்கு அப்டி இன்னாதான் கோவம்? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல.

—ஒண்ணும் பெருசா இல்லணா. வெளிய சொன்னா சிரிப்பாங்க. என் பொண்ணுக்கு அனந்தபுரத்துல காது குத்தினோமே, அன்னிக்கி குரு லீவுல வந்திருந்தான். தாய்மாமன் நான், ஜோரா செய்யணும்னு திண்டிவனத்துல இருந்து டிஜே செட்டு எறக்கினான். ஆளு ஒசரத்துக்கு பாக்ஸு, கலர் கலரா லைட்டு. நைனாவுக்கு அது தெரியாது. அவரு இந்த மிஷினையும் கொழா ஸ்பீக்கர் ரெண்டையும் மினி வண்டியில ஏத்திக்கினு விடியக்காலத்துலயே வந்து நிக்கறாரு. பேத்தி காதுகுத்துக்கு என் செட்டுதான் பாடும்னு செஞ்சி ஊரு பூரா சொல்லி வெச்சிருந்தாரு.

—எங்கிட்டயும் சொன்னாரு. மைக்க தொடைச்சி குடுடான்னு கடைக்கி வந்தாரு.

—இவரு இஞ்சின ஸ்டார்ட் பண்ணாரு. குரு ஓடியாந்து, 'நைனா, அத அணைச்சிட்டு ஓரமா வையி, அந்த சத்தம் பாட்ட கெடுக்குது'ன்னான். கெட்ட எண்ணத்துல சொல்லலணா. சிரிச்சிக்கினுதான் சொன்னான். நைனாவும் சிரிச்சாரு. அப்புறம் பாத்தா ஆளக் காணோம். வண்டிய திருப்பிக்கினு போயிட்டாரு. இலையிலகூட உக்காரல. அன்னிக்கி போட்டதுதான் அந்த சாக்கு.

—அய்ய. இது எனக்கு தெரியாம போச்சே.

—அவன் ரெண்டு வாட்டி போன் பண்ணான், இவரு எடுக்கல. அப்புறம் இவரு காத்துக்கினு இருந்தாரு, அவன் பண்ணல. ஆனா எங்கிட்ட பேசும்போது ரெண்டு பேரும் அடுத்த ஆளப் பத்தித்தான் கேப்பாங்க. 'அங்க வெயிலு அதிகமாமே, அவன் இன்னா பண்றான்'. 'நைனா மாத்திர ஒழுங்கா போடறாரா'. நடுவுல நான் போஸ்ட்மேன் வேல பாத்துகினு இருந்தேன். ஒரு நாளு ரெண்டு பேரையும் உக்கார வெச்சி, பேசுங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அடுத்த லீவுக்கு பாத்துக்கலாம், அடுத்த லீவுக்கு பாத்துக்கலாம்னே போயிடுச்சி.

—அது எல்லா வீட்லயும் அப்டித்தான் போவுது பாப்பா. மூடி வந்துடுச்சி. புடி... அட. அட அட அட.

—இன்னாணா?

—எனக்கு மொதல்லயே தோணியிருக்கணும். மூளையே வேல செய்யல இன்னிக்கி. இங்க குனிஞ்சி பாரு. உள்ள மஞ்சளா அப்பிக்கினு இருக்குது, தெரியுதா?

—துருவா?

—துருவா? மோந்து பாரு.

—சந்தனம்.

—சந்தனம்தான். குங்குமம் வேற. ஆயுத பூஜைக்கி வெச்சது. எல்லாரும் வெளிய டேங்க்குல ஒரு பொட்டு, கைப்புடியில ஒரு பொட்டுன்னு வெப்பாங்க. உங்க நைனா அப்டி இல்ல. பொட்டு வேல செய்யற எடத்துக்குத்தான் வெக்கணும், தகரத்துக்கு வெச்சி இன்னா பிரயோஜனம்னு சொல்லுவாரு. மூடிய கழட்டி, உள்ள கைய வுட்டு, கரண்ட்டு எங்க பொறக்குதோ அங்கயே வெப்பாரு. இதோ ரெண்டு பித்தள வளையம் இருக்குதே, இதுமேல இந்த ரெண்டு கார்பன் துண்டும் உரசிக்கினே இருக்கணும். இப்ப சந்தனம் காஞ்சி கெட்டியாயி கார்பன் அது உக்கார்ற வீட்லயே ஒட்டிக்கிச்சி. வளையத்த தொடவே இல்ல. அப்புறம் எங்க இருந்து பொறக்கும் கரண்ட்டு?

—வருஷா வருஷம் வெப்பாரே. அப்பல்லாம் எப்டி ஓடிச்சி?

—நான் தொடைச்சிடுவேன்.

—நீங்களா?

—மறுநாளு வேலைக்கி வருவேன் இல்ல, அவரு டீ சாப்ட போவாரு. அந்த நேரத்துல மூடிய கழட்டி ஈரத்துணியால தொடைச்சிட்டு மூடிடுவேன். பதினஞ்சி வருஷமும். அவருகிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவாரு. சாமிக்கு வெச்சதாச்சே, நான் வேற துலுக்கன், எதுக்கு அழிச்சேன்னு கேட்டா இன்னா சொல்றது. பூஜ முடிஞ்சி மொத வாட்டி இழுத்ததும் பல்பு பளிச்சினு எரியும். 'பாத்தியாடா, பொட்டு வெச்ச எஃபெக்ட்டு'ம்பாரு. நானும் ஆமா மொதலாளின்னுவேன். அப்புறம் அந்த காதுகுத்துக்கு கொஞ்ச நாளு முன்னாடிதான் நான் பஸ் ஸ்டாண்டாண்ட மோட்டாருக்கு காயில் கட்டற கட வெச்சி தனியா வந்துட்டேன். தொடைக்க ஆளு இல்ல.

—இந்த வருஷமும் வெச்சாருணா. நான் பாத்தேன். பூஜைக்கி வந்திருந்தேன். சாக்க எடுத்துட்டு, கழுவி, கால நீட்டி உக்காந்துக்கினு வெச்சாரு. கண்ணு சரியா தெரியல, தடவி தடவி வெச்சாரு. ஓட்டாத மிஷினுக்கு எதுக்கு நைனா பொட்டுன்னு கேட்டேன். 'ஓட்டறப்ப ஓடணும் இல்ல'ன்னாரு.

—ம். இந்த உப்புத்தாள கொஞ்சம் கிழிச்சி குடு. சொரண்டி எடுத்துடறேன்.

—இருங்கணா. இருங்க. அந்த கார்பன் வீட்டுமேல வெச்சிருக்காரே, அதுல இன்னாமோ கோடு தெரியுது.

—எங்க? ...ஓ.

—நைனா வெரலு.

—ஆமா.

—அந்த மோதிர வெரல்ல குறுக்க ஒரு வெட்டுக்காயம் இருக்கும் இல்லணா. சின்னதுல நான் அத தடவிக்கினே தூங்குவேன். அந்த வெட்டு அப்டியே பதிஞ்சிருக்குது பாருங்க. ரேக கூட தெரியுது.

—தெரியுது பாப்பா.

—இத தொடைக்காம முடியாதா?

—இதுக்கு கீழதான் கார்பன் ஒட்டிக்கினு இருக்குது. அத எடுக்கணும்னா இத ஒடைக்கணும்.

—பேத்து எடுக்க முடியாதா? முழுசா? ஒரு கிண்ணத்துல வெச்சிக்குவேன்.

—பொறு, பிளேடால நெம்பி பாக்கறேன். மெதுவா... ம்ஹும். ஓரம் உதுருது. கை வெச்சா மாவா போயிடும் போலக்கிது. நீ சொல்லு ரஞ்சனி. வேணாம்னா மூடிடறேன். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

—நேத்து கால் கட்டவெரல் ரெண்டையும் கட்டும்போது கையையும் சேத்து கட்டிட்டாங்க. துணிக்குள்ள இருக்குது. நான் கடைசியா அந்த வெரல தொட்டுப் பாக்கணும்னு நெனைச்சேன். கூச்சமா இருந்துது, எல்லாரும் சுத்தி நிக்கறாங்களேன்னு. தொடல.

—அழு பாப்பா. யாரும் இல்ல இங்க.

—இல்ல. போதும். தொடைங்க. எனக்கு வெரலு தெரியும், மூஞ்சி தெரியும், குரலு தெரியும். வாராவாரம் வந்து பாத்துகினுதான் இருந்தேன். குரு ஆறு வருஷமா பாக்கல. அவனுக்கு மூஞ்சிய காட்டணும். அதுதான் முக்கியம். தொடைங்க சமீர்ணா.

—பிஸ்மில்லா... அந்தப் பக்கம் திரும்பிக்க.

—திரும்பல. தொடைங்க.

—ஆச்சி. கார்பன் வெளிய வந்துடுச்சி. இப்ப பாரு, ஸ்பிரிங் அமுக்குனா துள்ளுது. வளையத்தையும் தேச்சிடறேன். கொஞ்சம் ஊது, தூசி போவட்டும்... போதும். மூடி அப்புறம் போட்டுக்கலாம். கயிற குடு. தள்ளி நில்லு.

—எரியல.

—எரியல.

—எரியலணா. எல்லாத்தையும் தொடைச்சிட்டும் எரியல.

—கத்தாத, கேளு. அணைச்சிடறேன் இரு. இது இன்னான்னா, உள்ள இரும்புல கொஞ்சூண்டு காந்தம் தங்கியிருக்கணும். அதுல இருந்துதான் மொத கரண்ட்டு பொறக்கும், அது பொறந்தா மீதி தன்னால பெருகும். ரொம்ப நாளு ஓட்டாம போட்டா அந்தக் காந்தம் செத்துடும். மிஷின்ல ஒரு குத்தமும் இருக்காது, ஆனா ஆரம்பிக்கத் தெரியாது. வெளிய இருந்து ஒரு பேட்டரிய கார்பன்ல தொட்டு எடுத்தா போதும், முழிச்சிக்கும்.

—தொட்டு எடுத்தா போதுமா?

—ஒரு நிமிஷம்கூட வேணாம். என் வண்டி சந்து மொனையில நிக்குது, பேட்டரிய கழட்டிக்கினு வந்துடறேன். நீ இங்கயே இரு. ஒன் போன் அடிக்குது பாரு.

—குருதான். போங்க, நான் பேசறேன்... ஹலோ, சொல்டா. கேக்குது. சார்ஜ் செத்துக்கினு இருக்குது, சீக்கிரம் சொல்லு... எங்க இருக்கற?... ம்... ம்... டேய், அழாத. நிறுத்தி நிதானமா சொல்லு... இல்லடா. நான் ஒண்ணும் நெனைக்கல... ம்... சாப்டியா? ஏதாச்சும் சாப்புடு... சரி. நான் பாத்துக்கறேன். நான் பாத்துக்கறேன்னு சொல்றேன் இல்ல. வெய்யி.

—பேட்டரி வந்துடுச்சி. இன்னா சொன்னான்? எங்க இருக்கறானாம்?

—ஏர்போர்ட்லதான்ணா. பிளேன் லேட்டாம். இந்தப் பக்கம் புயல்னு விட மாட்டேங்கறாங்களாம்.

—லேட்டானா ஆவட்டும். அதான் நம்மகிட்ட மிஷின் இருக்குதே. நாளைக்கி காலையில வரைக்கும்கூட ஓட்டுவேன். பெட்ரோல் கேன் வாங்கியாந்து வெச்சிட்டேன். இன்னா, ஒரு மாதிரி உக்காந்துட்ட?

—ஒண்ணும் இல்ல. மெதுவா செய்ங்க. அவசரமில்ல.

—இவ்ளோ நேரம் அவசரம்னு பறந்த?

—அசதியா இருக்குதுணா. நைனாவப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்களேன். எனக்கு தெரியாதது.

—இன்னா சொல்றது. பனமலையில ஒரு கல்யாணம். தாலி கட்டற நேரத்துல கரண்ட்டு போச்சி, மண்டபம் பூரா கும்மிருட்டு. அந்தக் காலத்துல இது மண்ணெண்ணெய்ல ஓடும், ஸ்டார்ட் பண்ண மட்டும் பெட்ரோல். நான் பெட்ரோல் ஊத்த மறந்துட்டேன். பொண்ணு வீட்டுக்காரன் சண்டைக்கி வந்துட்டான், எவன்டா மைக் செட்டுன்னு. உங்க நைனா குறுக்க வந்து, 'நான்தான் ஊத்தல, எங்கிட்ட பேசு'ன்னாரு. அந்தாளு சட்டைய புடிச்சிட்டான். சட்டைய புடிச்சிக்கினு இருக்கும்போதே எங்கிட்ட கண்ண காட்டறாரு, ஊத்துடா ஊத்துடான்னு. வர்ற வழியில ஒரு வார்த்த திட்டல. எனக்கே தாங்கல, ஏன் மொதலாளி நீங்க வாங்கினீங்கன்னேன். 'நீ நாளைக்கி தனியா தொழில் பண்ணப் போறவன்டா, ஒனக்கு பேரு முக்கியம், எனக்கு இனிமே இன்னா'ன்னாரு.

—அப்டியா சொன்னாரு?

—அப்டித்தான் சொன்னாரு. சரி, இத புடி. செவப்பு வயரு இந்த கார்பன்ல, கறுப்பு வயரு அதுல. நீ புடிக்காத, நான் புடிக்கறேன். நீ கயிற இழு. இழுப்பியா?

—இழுப்பேன். நைனா கத்துக் குடுத்திருக்காரு.

—நல்லா கால ஊணிக்க. ம், இழு... புடிச்சிக்கிச்சி. இப்ப தொடறேன். ஒண்ணு... எடுத்துட்டேன். பல்ப பாரு. பாப்பா, பல்ப பாரு.

—எரியுது.

—எரியுது. மீட்டர்லயும் நிக்குது. எங்க மொதலாளி மிஷினாச்சே, சும்மாவா. அந்த வயர இழுத்துக்கினு வா, பெட்டிக்கி லைன் குடுத்துடலாம். சித்தப்பாவ கூப்புடு, வந்து பாக்கட்டும்.

—காத கிட்ட குடுங்க. வேணாம்ணா.

—இன்னா வேணாம்?

—பல்ப கழட்டிடுங்க. யாரும் பாக்கறதுக்குள்ள. இஞ்சின் ஓடட்டும், அணைக்காதீங்க. பல்ப மட்டும் கழட்டிடுங்க.

—ரஞ்சனி, சூடு அது. இன்னா பேசற நீ?

—குரு வரல.

—பிளேன் லேட்டுன்ன?

—ஏர்போர்ட்டு வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பிட்டானாம். உயிரோட இருக்கும்போது போவாதவன் இப்ப எந்த மூஞ்சியோட போயி அந்தப் பெட்டிய எட்டிப் பாக்கறதுன்னு கேக்கறான். கொழந்த மாதிரி அழுவறான்ணா. நான் எப்டி திட்டறது? கருமாதிக்கி வர்றேன்னான். வருவான்.

—அல்லா. இத ஏன் அப்பவே சொல்லல?

—யோசிச்சிக்கினு இருந்தேன். இந்த மிஷின் ஓடிச்சின்னா இன்னாவும்? சித்தப்பா ராத்திரி வரைக்கும் காப்பாரு. ஊரே காக்கும். அவன் வர மாட்டான். தனகோட்டிக்கி புள்ள இருந்தும் கொள்ளிக்கி வரலன்னு ஆயிடும். நைனாவுக்கு அந்தப் பேரு வேணாம்ணா. மிஷின் ஓடலன்னா? புள்ள ஏர்போர்ட்ல காத்துக்கினு இருந்தான், இங்க பெட்டி தாங்கல, எடுத்துட்டாங்க, பாவம் திரும்பிட்டான். அவ்ளோதான். யாரும் ஒண்ணும் பேச முடியாது.

—அப்ப தனகோட்டி மிஷின் கால வாரிடுச்சின்னு பேசுவாங்க பாப்பா. அவரு சாவுக்கே ஓடலன்னு. ஒரு எடத்துல நின்ன மிஷினில்ல இது. அவருகிட்ட தொழில் கத்த சமீருக்கு ஒரு மண்ணும் தெரியலன்னும் பேசுவாங்க.

—பேசுவாங்க. அதுதான் உங்ககிட்ட கேக்கறேன். உங்கள கேக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா நைனா இருந்தா எத விட்டுக் குடுத்திருப்பாரு, மிஷினையா, குருவையா? உங்களுக்கு தெரியாதா அவர?

—பல்ப எங்க வெக்கறது?

—என் முந்தானையில போடுங்க. சித்தப்பா வர்றாரு.

—இன்னா பாய், இஞ்சின் சத்தம் பலமா கேக்குது. வந்துடுச்சா கரண்ட்டு?

—வரல பச்சைமுத்து அண்ணே. வெறும் இஞ்சின்தான் ஓடுது. எனக்கு தெரிஞ்ச வேலயெல்லாம் செஞ்சி பாத்துட்டேன், என் கைல ஆவல. அந்தப் புள்ள பாவம் அங்க ஏர்போர்ட்ல தவிச்சிக்கினு கெடக்குது. என்னாலதான் காக்க வெக்க முடியல, நீங்க எடுத்துடுங்க.